பேரேடு திறந்தால் பாட்டு பிழைக்கும்

மூடிப்போன சிறிய இசை லேபிள் ஒன்றை மறுபடி திறக்கப் போகிறோம் என்று யார் கிளம்பினாலும், அவர்கள் கை முதலில் போவது பழைய பாட்டுகளின் மேல்தான். பரணில் கிடக்கும் கேசட்டுகளைத் தூசி தட்டிக் கணினியில் ஏற்றி, ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் போட்டு, பழைய சின்னத்துக்குப் புது வண்ணம் அடித்துவிட்டால் கம்பெனி பிழைத்துக்கொண்டது என்று நம்புகிறார்கள். விழுந்து எழுந்த லேபிள்களின் கதையையும், விழுந்தே போனவற்றின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எத்தனை பிரதி விற்றது, யாருக்கு எவ்வளவு போனது, மூலப் பதிவு எங்கே இருக்கிறது, பாட்டில் யார் யார் பெயர் வர வேண்டும் என்று கேட்டால், பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பின் பெயர்தான் லேபிள். ஒலிப்பதிவு, பிரதி எடுப்பது, ஊருக்கு ஊர் அனுப்புவது எல்லாமே டிஜிட்டல் காலத்தில் மலிந்துவிட்டன. பதில் சொல்லும் ஆள்தான் அரிதாகிவிட்டார். ஆகவே புதுப்பிக்க வேண்டியது அந்தப் பொறுப்பைத்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். சென்னையின் மேற்கு விளிம்பில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இப்படியொரு சிறிய லேபிள் காலூன்ற முடியுமா என்பதையும் இங்கிருந்தே பார்க்கலாம்.

சிறிய லேபிள் என்ற வடிவத்தை உலகுக்குப் பழக்கியதில் பங்க் இசைக்குப் பெரும்பங்கு உண்டு. 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை இது. மூன்று நான்கு கிதார் கார்டுகள், இரண்டரை நிமிடப் பாட்டு, வேகம், கூச்சல். பாடுபொருள், வேலையில்லாத இளைஞர்களின் எரிச்சல். வாசிக்கத் தேர்ச்சி பெற்ற பிறகுதான் மேடையேற வேண்டும் என்ற விதியை அது தூக்கி எறிந்தது. பெரிய கம்பெனிகளுக்கு இது ஒத்துவரவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை ஒப்பந்தம் செய்திருந்தது ஈ.எம்.ஐ. நம் வீடுகளுக்கு நாய்ப் படத்தோடு வந்த எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் தாய்க் கம்பெனிதான் அது. தொலைக்காட்சி நேரலையில் குழுவினர் கெட்ட வார்த்தை பேசியதால் எழுந்த அமளியில், 1977 ஜனவரியில் அவர்களைக் கழற்றிவிட்டது. அதே மாதம், மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற நான்கு பாட்டு இசைத்தட்டை நியூ ஹார்மோன்ஸ் என்ற தன் சொந்த லேபிளில் வெளியிட்டது. முதலில் போட்டது 1,000 பிரதிகள். கடைசியில் விற்றது சுமார் 16,000. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதிவானது என்பதை உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். தொழிலை மூடி மறைக்காமல் வாங்குபவர் முன் விரித்து வைத்த அந்தப் பழக்கம்தான் பங்க் லேபிள்கள் விட்டுச்சென்ற சொத்து.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று இரண்டு லேபிள்களின் எதிரெதிரான முடிவு. ஒன்று லண்டனின் ரஃப் டிரேட். ஜெஃப் டிராவிஸ் 1976இல் தொடங்கிய இசைத்தட்டுக் கடை அது. 1978இல் லேபிளும் ஆயிற்று. 1979இல் அது வெளியிட்ட ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் ஆல்பம், எந்தப் பெரிய கம்பெனியின் துணையும் இல்லாமல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடத்தைத் தொட்டது. பின்னர் 'த ஸ்மித்ஸ்' குழு வந்தது. ஆனால் 1991இல் விநியோகப் பிரிவு கடனில் மூழ்கியது. லேபிளும் கூடவே மூழ்கியது. அதன் பொக்கிஷமான ஸ்மித்ஸ் பாட்டுகள் வார்னர் கைக்குப் போயின. 2000இல் டிராவிஸும் ஜேனட் லீயும் அதே பெயரில் மறுபடி தொடங்கியபோது பழைய பொக்கிஷம் கையில் இல்லை. இருந்தது, எந்தக் குழுவை நம்பலாம் என்று அறிந்த காதும், இவர்களிடம் போகலாம் என்று குழுக்கள் நம்பிய பெயரும்தான். மறு ஆண்டே 'த ஸ்ட்ரோக்ஸ்' என்ற புதிய நியூயார்க் குழுவை பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தி எழுந்து நின்றார்கள். மற்றொன்று கலிஃபோர்னியாவின் லுக்கவுட் ரெக்கார்ட்ஸ். 1987இல் தொடங்கிய இந்தப் பங்க் லேபிளிடம் கிரீன் டே குழுவின் முதல் இரண்டு ஆல்பங்கள் இருந்தன. அந்தக் குழு உலகப் புகழ் பெற்ற பிறகு அவையே பெரும் கையிருப்பு ஆயின. ஆனால் ராயல்டி பாக்கி சேர்ந்துகொண்டே போனது. 2005இல் கிரீன் டே தன் பாட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. லுக்கவுட் மெல்லத் தேய்ந்து 2012இல் மூடப்பட்டது. பாட்டை இழந்தும் நம்பிக்கை மிஞ்சிய லேபிள் எழுந்தது. பாட்டு இருந்தும் கணக்குத் தவறிய லேபிள் விழுந்தது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது விழவே இல்லை. வாஷிங்டன் நகரின் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ், 1980இல் பதின்ம வயதுப் பையன்கள் சிலர், கலைந்துபோன தங்கள் இசைக்குழு கச்சேரிகளில் சேர்த்து வைத்திருந்த சில நூறு டாலரைக் கொண்டு தொடங்கியது. இசைத்தட்டின் உறையைக் கையாலேயே வெட்டி ஒட்டினார்கள். எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக மிஞ்சுவதில் குழுவுக்கும் லேபிளுக்கும் பங்கு. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டுமே வெளியிடுவது என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். விலையைக் கடைக்காரர் ஏற்றிவிடக் கூடாது என்று சில ஆல்பங்களில் விலையையே அச்சிட்டார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான இயன் மக்கேயின் ஃபுகாஸி குழு, தன் கச்சேரிப் பதிவுகள் நூற்றுக்கணக்கானவற்றை 2011 முதல் இணையத்தில் விற்கத் தொடங்கியது. ஒரு கச்சேரிக்கு 5 டாலர் என்று சொல்லிவிட்டு, முடிந்தவர் கூடக் கொடுக்கலாம், முடியாதவர் 1 டாலர் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டது. ஊடகம் மாறியது, முறை மாறவில்லை. கைகுலுக்கலில் ஒப்பந்தம் என்பது கேட்க அழகாக இருந்தாலும், ஒருவரையொருவர் தெரிந்த ஒரே ஊர்க்காரர்களுக்குள் மட்டுமே அது செல்லுபடியாகும். நாம் கடன் வாங்க வேண்டியது அந்தக் கைகுலுக்கலை அல்ல, அதற்குப் பின்னால் தவறாமல் நடந்த கணக்குத் தீர்ப்பை.

தமிழில் பங்க் லேபிள் என்று பலகை மாட்டிய எதுவும் நிலைத்ததில்லை. ஆனால் அதன் உறவுக்காரர்கள் உண்டு. 1980களிலும் 90களிலும் கேசட் மலிந்தபோது, பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் சீண்டாத பாட்டுகளைச் சின்னச் சின்ன ஆடியோ கம்பெனிகள் வெளியிட்டன. பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, கட்சிப் பாட்டு, கானா எல்லாம் அந்த வழியில்தான் வீட்டு டேப் ரெக்கார்டருக்கு வந்தன. கேசட் போனதும் அந்தக் கம்பெனிகளில் பல கதவடைத்தன. இன்று அந்தக் குரல்கள் யூடியூபில் கேட்கின்றன. பாடியவர் பெயரோ எழுதியவர் பெயரோ பல பதிவுகளில் இல்லை. சின்ன கம்பெனிகள் போன பிறகு கானாவுக்கு ஊர் முழுக்கப் பெயர் வாங்கித் தர சினிமா ஒன்றுதான் கதவாக இருந்தது. 2006இல் 'சித்திரம் பேசுதடி' கானா உலகநாதனுக்கும், 2012இல் 'அட்டகத்தி' கானா பாலாவுக்கும் அந்தக் கதவைத் திறந்தன. சினிமாவைத் தாண்டி ஒரு மேடை எழுந்தது 2018 ஜனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்தில். 'அட்டகத்தி'யை இயக்கிய பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அன்று முதல் கச்சேரி செய்தது. கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து 19 பேர் மேடையேறினார்கள். இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் சாதியையும் நேருக்கு நேர் பாடினார்கள். அதில் பாடிய கானா பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பெயரில் பங்க் இல்லாவிட்டாலும், பங்க் எந்த வேலையைச் செய்ய வந்ததோ அந்த வேலையை இங்கே செய்தது இந்த மேடை.

ரஞ்சித் பிறந்த கரலப்பாக்கம் ஆவடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் மேற்குப் புறநகரின் தொழில் வரலாறு நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் ஏராளம். ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் பட்டறைக்கு வரைபடமும், உதிரிபாகத்துக்கு வடிவம் தரும் டையும், வாங்குபவரும் அடுத்தவருடையவை. ஆர்டர் நின்றால் லேத் நிற்கும். டையும் பெயரும் சொந்தமாக உள்ள பட்டறை, ஒரு வாடிக்கையாளர் போனாலும் இன்னொருவரைத் தேடிக்கொள்ளும். இன்றைய சுயாதீன இசைக்கலைஞர் பெரும்பாலும் ஜாப் ஒர்க் நிலையில்தான் இருக்கிறார். பாட்டு அவருடையது, கேட்பவர் யார் என்ற விவரம் தளத்துடையது, யாருக்குக் காட்டுவது என்ற முடிவும் தளத்துடையது. டையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள அவருக்கு ஓர் இடம் வேண்டும். சிறிய லேபிள் அந்த இடமாக இருக்க முடியும்.

கைபேசியிலேயே பதிவு செய்து தானே ஏற்றிவிட முடிகிற காலத்தில் இடையில் ஒரு கம்பெனி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பாட்டை ஊருக்குச் சேர்ப்பதற்கு மட்டும் என்றால் கம்பெனி தேவையே இல்லை. ஆனால் சேர்த்த பாட்டு அங்கேயே இருக்கும் என்பதற்கு யார் ஜவாப்தாரி? 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் அழிந்துவிட்டதை மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. போனவை சுமார் 5 கோடிப் பாட்டுகள் என்று கணக்கிட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பி ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். 2024இல் மட்டும் ரெஸ்ஸோ, விங்க் மியூசிக் என்று இரண்டு பாட்டுச் செயலிகள் இந்தியாவில் மூடப்பட்டன. சுயாதீனக் கலைஞர்களின் சொர்க்கம் எனப்பட்ட பேண்ட்கேம்ப்கூட 2022இல் ஒரு கைக்கும் 2023இல் மறு கைக்கும் மாறியது. இரண்டாவது மாற்றத்தில் ஏறக்குறையப் பாதி ஊழியர்கள் வேலை இழந்தார்கள். தளம் என்பது தெருவோரச் சுவர். சுவரொட்டி ஒட்டலாம், பத்திரம் வைக்க முடியாது.

பெரிய பெயர்கள் பின்னால் இருந்தால் கணக்கு தானாக நேராகிவிடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2021 மார்ச்சில், பெரிய பெயர்களின் ஆதரவோடு தொடங்கிய மாஜா என்ற சுயாதீன லேபிளில் வெளிவந்த 'என்ஜாயி எஞ்சாமி' உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது. அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் பாட்டை எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லை என்று பெரும் சர்ச்சை எழுந்தது. 2024இல், அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நாம் போக வேண்டியதில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே பெயரும் பணமும் மூன்று ஆண்டு கழித்து வாக்குவாதமாக நிற்கிறது என்றால், 3,000 பேர் கேட்கும் ஆவடிப் பையனின் பாட்டுக்கு என்ன கதி என்பதுதான் கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கலைஞர் கையில் கொடுப்பதை ஒரு லேபிள் விதியாக வைத்துக்கொண்டால், அந்த ஒன்றாலேயே அது மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும்.

பழைய கம்பெனியைத் திறப்பவர் முதலில் திறக்க வேண்டிய பெட்டி கேசட் பெட்டி இல்லை, காகிதப் பெட்டி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருடையது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை தனி. அதை எழுதியவரும் இசையமைத்தவரும் எழுத்து மூலம் கொடுத்திருந்தால்தான் கம்பெனிக்கு வரும். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரத்தில் எத்தனை காலம் என்று சொல்லவில்லை என்றால் 5 ஆண்டு என்றே கொள்ள வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் சேர வேண்டிய ராயல்டியில் படைப்பாளியின் பங்கை அவர் விட்டுக்கொடுக்கவே முடியாதபடி 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கிறது. ஆக, பரணில் மூலநாடா இருப்பதாலேயே பாட்டு முழுவதும் கம்பெனியின் சொத்தாகிவிடாது. பாடியவரை, எழுதியவரை, அவர்கள் இல்லை என்றால் வாரிசுகளைத் தேடிப் போய்ப் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். இது செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் மறுதிறப்புக்கு இதைவிட நல்ல தொடக்க விழா இருக்க முடியாது. பழைய பாக்கியைத் தீர்க்க வந்திருக்கிறோம் என்று கதவு தட்டும் கம்பெனிக்கு அடுத்த தலைமுறைப் பாடகர்கள் தானாக வருவார்கள். அதன் பிறகு நாடாவை நல்ல தரத்தில் கணினிக்கு மாற்றி, ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்கி, பெயர் விவரங்களைப் பிழையில்லாமல் பதிந்து, ஒரு பிரதியை ஆய்வு நூலகம் ஒன்றிடமும் ஒப்படைப்பது அடுத்த கட்டம்.

பணம் எங்கிருந்து வரும் என்பது கடினமான ஆட்சேபம். ஸ்ட்ரீமிங்கில் கேட்கும் பாட்டை நம்பிச் சிறிய லேபிள் பிழைக்க முடியாது. 12 மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாக ஓடிய பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை ஒரு பைசாவும் தருவதில்லை. நேரடியாக வாங்க வைக்கும் பேண்ட்கேம்ப், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியில் பெரும்பகுதியைத் தருவது நல்ல ஏற்பாடு. ஆனால் அது பேபால் வழியாகப் பணம் அனுப்புகிறது. பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. அம்பத்தூர் குழுவின் பாட்டை அண்ணாநகர் ரசிகர் அந்த வழியில் வாங்குவது சுலபமில்லை. ஆகவே இங்கே கடைவாசல் கச்சேரி மேடைதான், கல்லாப்பெட்டி யுபிஐ. ஓர் உத்தேசக் கணக்கு போடலாம். பாட்டு வரிகள் அச்சிட்ட சிறு புத்தகமும் தரவிறக்கக் குறியீடும் சேர்த்து 200 ரூபாய்க்கு 300 பேர் வாங்கினால் 60,000 ரூபாய். அச்சுச் செலவும் பதிவுச் செலவும் போனால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் அடுத்த பதிவுக்கு முதல் ஆகும்; வாங்கிய 300 பேரின் தொடர்பும் லேபிளிடமே இருக்கும். அமெரிக்காவில் 2022இல் வினைல் இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் சிடிக்களை முந்தியதைக் காட்டி, நாமும் இசைத்தட்டு போடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். தட்டு சுழற்றும் கருவி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அந்த ஆசையில் இறங்குவது நல்லது.

பங்க் என்பது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, பட்டாபிராமுக்கும் திருமுல்லைவாயலுக்கும் அதனோடு என்ன உறவு என்று கேட்பவர்களும் உண்டு. கிதாரின் இரைச்சலும் உடையும் மட்டும்தான் பங்க் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் தன் தெருவின் கோபத்தைத் தன் பேச்சில், முறையான பயிற்சிக்குக் காத்திராமல், தன் செலவில் பாடுவது என்று எடுத்துக்கொண்டால் அது இங்கே புதிதில்லை. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடியபோது யாரும் லண்டனைப் பார்த்துக் கற்கவில்லை. லேபிள் வெளியிடுவது கானாவா, ராப்பா, மெட்டலா, மூன்றும் சேர்ந்த ஒன்றா என்பது பாடுபவரின் விருப்பம். டிஸ்கார்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வட்டார எல்லையைத்தான். அரக்கோணம் ரயில் பாதையையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையையும் ஒட்டி வாழ்பவர்களை மட்டும் பதிவு செய்வோம் என்று ஒரு லேபிள் முடிவெடுத்தால், பாடுபவரும் கேட்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவரையொருவர் நேரில் பார்க்கும் தூரத்தில் இருப்பார்கள். சபாக்களும் அரங்குகளும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் குவிந்து கிடக்க, கல்யாண மண்டபமும் பள்ளி மைதானமும்தான் இங்கே மேடை. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால், மாலையிலேயே தொடங்கி கடைசி ரயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்குப் பின்னால் ஒரு வெற்றிப்பட இயக்குநர் இருந்தார். ரஃப் டிரேடும் மறுபிறப்புக்குப் பின் தன் பங்குகளைப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றுத்தான் ஓடியது. அப்படியானால் பெரிய கை இல்லாமல் சின்ன லேபிள் நிற்காது என்றுதானே பொருள்? பெரிய கை இருந்தால் வேகமாக வளரலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ச்சியும் நிலைப்பும் ஒன்றல்ல. டிஸ்கார்ட் 40 ஆண்டுகளைத் தாண்டியது யாருக்கும் பங்கு விற்றதால் இல்லை. தாங்க முடிந்த அளவுக்கு மேல் வளர மறுத்ததால். ஆண்டுக்கு நான்கு வெளியீடு, ஒவ்வொன்றிலும் 300 பிரதி, அதில் பாதியாவது புதிய குழுக்களுடையது என்று அளவோடு நடக்கும் லேபிளுக்குப் புரவலர் தேவையில்லை. வேறு சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு மாலை நேரத்தில் வேலை பார்க்கும் மூன்று நான்கு பேர் போதும். பழைய பாட்டுகளை மட்டும் நம்பித் திறக்கும் லேபிள் அருங்காட்சியகமாகிவிடும். பழையவற்றின் கணக்கைத் தீர்த்துப் புதியவற்றைத் தேடிப் போகும் லேபிளுக்குத்தான் எதிர்காலம்.

கேட்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. உள்ளூர்க் குழுவின் பாட்டுக்குக் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் வேலை செய்த எல்லோர் பெயரும் போட்டிருக்கிறதா, நான் தரும் 200 ரூபாயில் பாடியவருக்கு எவ்வளவு? இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் லேபிளிடம் வாங்குங்கள். அடுத்த வெளியீட்டுக்கும் அங்கேயே போங்கள்.